நெட்வொர்க் பாதுகாப்புத் துறையில் முதல் சான்றிதழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் பாதுகாப்பில் வேலை தேடத் தொடங்குபவர்கள் முதலில் திகைத்து நிற்கும் இடம் சான்றிதழ்களின் பட்டியல்தான். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ, காம்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ், எத்திக்கல் ஹேக்கிங்குக்கான சிஇஎச் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொரு பெயருக்கும், அது இல்லாவிட்டால் வேலையே கிடைக்காது என்று அடித்துச் சொல்லும் ஒருவர் இருக்கிறார். நெட்வொர்க்குக்குள் எது வரலாம், எது போகலாம் என்று வடிகட்டும் ஃபயர்வால்களைப் பராமரிக்கும் பணியிலும், அந்தப் பணிக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களிலும் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சான்றிதழ் இல்லாமல் இந்தத் துறைக்குள் வரவே முடியாதா?

வர முடியும். கணினி உதவி மையத்திலோ நெட்வொர்க் நிர்வாகத்திலோ ஏற்கெனவே பணியாற்றுபவர்கள், எந்தச் சான்றிதழும் இல்லாமல், உள்ளேயே பாதுகாப்புக் குழுவுக்கு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த வேலையே அவர்களுக்குச் சான்று. அந்த வாய்ப்பு இல்லாமல் வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு நிலைமை வேறு. அவருடைய விண்ணப்பத்தை முதலில் படிப்பவர் பெரும்பாலும் தொழில்நுட்பம் அறிந்தவராக இருப்பதில்லை. விளம்பரத்தில் குறிப்பிட்ட சான்றிதழின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துப் பிரிப்பவராகத்தான் இருப்பார். அந்த முதல் வடிகட்டலைத் தாண்ட ஒரு சான்றிதழ் உதவுகிறது. நேர்காணல் அறைக்குள் வந்தபின் அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அங்கே உங்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் பேசப்படும். ஆகவே, வடிகட்டலையும் தாண்ட வைத்து, படிக்கும்போதே வேலைக்குத் தேவையான அறிவையும் தரும் சான்றிதழைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் முதலில் எதை எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதிலைச் சொல்பவரை நம்பாதீர்கள். நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் உங்கள் கைகள் என்ன செய்துகொண்டிருக்கப் போகின்றன? நெட்வொர்க் பாதுகாப்பு என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. ஃபயர்வால் விதிகளை எழுதுவதும், விபிஎன் எனும் மறையாக்கப்பட்ட இணைப்புகளை அமைப்பதும், சுவிட்சுகளையும் ரவுட்டர்களையும் பாதுகாப்பாகக் கட்டமைப்பதும் ஒரு வகை. பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், அதாவது எல்லோரும் 'சாக்' என்று அழைக்கும் இடத்தில், திரையில் வந்து விழும் எச்சரிக்கைகளைப் பிரித்து எது உண்மையான தாக்குதல், எது வீண் சத்தம் என்று முடிவு செய்வது இன்னொரு வகை. நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று தணிக்கை செய்வது மூன்றாவது. அனுமதி பெற்று அமைப்புகளை ஊடுருவிச் சோதிப்பது நான்காவது. ஆனால் அது தொடக்க நிலையில் அரிதாகவே கிடைக்கும்.

முதல் வகை வேலைக்குப் போகிறவர் சிசிஎன்ஏவில் தொடங்கட்டும். இரண்டாம் வகைக்கு, நெட்வொர்க் அடிப்படையை உறுதியாக்கிக்கொண்டு செக்யூரிட்டி பிளஸ் எழுதலாம். மூன்றாம் வகைக்குச் செக்யூரிட்டி பிளஸ் நேரடியாகவே பொருந்தும். இன்னும் எந்த வேலை என்று தெளிவில்லாதவர், தனக்குக் கிடைக்கக்கூடிய தொடக்க நிலை வேலை விளம்பரங்களில் முப்பதை எடுத்து, எந்தச் சான்றிதழ் எத்தனை முறை வருகிறது என்று ஒரு தாளில் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் இந்த வேலை, பல மாதப் படிப்பு வீணாவதைத் தடுக்கும்.

நெட்வொர்க் பற்றி அதிகம் தெரியாமல் நேராகப் பாதுகாப்புக்குள் போகலாமா?

என்னுடைய உறுதியான கருத்து, கூடாது என்பதே. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஒரு பயனர், குறிப்பிட்ட செயலி ஒரு சர்வரோடு இணையவில்லை என்றும், ஃபயர்வால்தான் தடுக்கிறது என்றும் புகார் தருகிறார். அவருடைய கணினியில் வயர்ஷார்க் என்ற கருவியைத் திறந்து, நெட்வொர்க்கில் போய்வரும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பிடிக்கிறீர்கள். இரு கணினிகள் பேசிக்கொள்வதற்கான டிசிபி இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் போகிறது, பதில் இல்லை. ஒரு நொடி கழித்து அதே பாக்கெட் மீண்டும் போகிறது, பிறகு இரண்டு நொடி இடைவெளியில், பிறகு நான்கு நொடி இடைவெளியில். எந்தப் பதிலும் வரவில்லை என்றால், வழியில் ஏதோ ஒன்று ஓசையின்றி அந்தப் பாக்கெட்டைக் கைவிடுகிறது, அல்லது அந்த முனையில் கணினியே இல்லை. ஃபயர்வாலைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. சின் போன மறுகணமே இணைப்பை மறுக்கும் ஆர்எஸ்டி பாக்கெட் திரும்பி வந்தால் கதை வேறு. பாக்கெட் பெரும்பாலும் சர்வர்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது தட்டிய போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை. வெளிப்படையாக மறுக்கும்படி அமைக்கப்பட்ட ஃபயர்வாலும் இப்படிப் பதில் தரலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, முதலில் சர்வரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டிசிபி கைகுலுக்கல் எனப்படும் சின், சின்-ஏசிகே, ஏசிகே மூன்றும் ஒழுங்காக முடிந்து, அதன் பிறகு பேச்சு நின்றுபோனால், சிக்கல், இணைப்பை மறையாக்கப் பயன்படும் டிஎல்எஸ் சான்றிதழிலோ செயலியிலோ பாக்கெட்டின் அளவு வரம்பிலோ இருக்கலாம்.

இந்த மூன்று காட்சிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், பத்து நிமிடத்தில் புகாரை உரிய குழுவிடம் சேர்த்துவிடுகிறார். தெரியாதவர், ஃபயர்வாலில் ஒரு விதியைத் திறந்துவிட்டுப் பார்க்கிறார். அது பயன் தராவிட்டால் இன்னும் அகலமாகத் திறக்கிறார். நான் பார்த்த மோசமான ஃபயர்வால் விதிகளில் பல, கெட்ட எண்ணத்தால் அல்ல, டிசிபி கைகுலுக்கல் புரியாததால் எழுதப்பட்டவை. தாக்குதல்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் ஒருவருக்கு நெட்வொர்க்கின் அளவைக் குறிக்கும் 255.255.255.192 என்ற மாஸ்க்கில் எத்தனை கணினிகளுக்கு முகவரி தரலாம் என்று தெரியவில்லை என்றால், அவரிடம் ஃபயர்வாலை ஒப்படைக்க எனக்கு மனம் வராது. விடை 62 என்பதை விட, அந்த 62 எப்படி வந்தது என்று சொல்லத் தெரிவதுதான் முக்கியம்: கடைசி ஆறு பிட்டுகள் தருவது 64 முகவரிகள், அவற்றில் முதலாவது நெட்வொர்க்குக்கும் கடைசியானது எல்லோருக்கும் ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்டுக்கும் போய்விடுகின்றன.

நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ ஆகிய இரண்டில் எது?

இரண்டும் நெட்வொர்க் அடிப்படைகளையே சோதிக்கின்றன, ஆழத்தில்தான் வேறுபாடு. நெட்வொர்க் பிளஸ், காம்டியா என்ற அமைப்பு நடத்துவது. எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 2024 ஜூன் மாதம் வெளியான என்10-009 பதிப்பில் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள். 900க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. சிசிஎன்ஏ, சிஸ்கோ நிறுவனத்தின் 200-301 தேர்வு; நேரம் 120 நிமிடம். அதன் மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்தாலே அதன் நோக்கம் புரியும்: நெட்வொர்க் அடிப்படை 20 சதவீதம், சுவிட்ச் வழி அணுகல் 20, ஐபி இணைப்பும் ரவுட்டிங்கும் 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படை 15, தானியக்கமும் நிரலாக்கமும் 10.

முன்பு சிசிஎன்ஏ செக்யூரிட்டி என்று தனிச் சான்றிதழ் இருந்தது. 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ தன் சான்றிதழ்களை மாற்றியமைத்தபோது அது கைவிடப்பட்டது. பழைய அறிவுரைகளில் இன்னும் அந்தப் பெயர் உலவுகிறது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

உண்மையாகவே நெட்வொர்க் கருவிகளைக் கையாளப் போகிறவருக்கு நான் சிசிஎன்ஏவையே சொல்கிறேன். அது கடினம்தான். ஆனால், அதற்குப் படிப்பவர் கட்டளைகளைத் தன் விரல்களால் தட்டியே ஆக வேண்டும். எந்தப் பாக்கெட்டை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று வரிவரியாகச் சொல்லும் அணுகல் பட்டியல் என்ற ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சோதனை ரவுட்டரில் டெல்நெட் என்ற பழைய தொலை அணுகல் முறையைத் தடுப்பதற்காக 23ஆம் போர்ட்டை மறுக்கும் ஒரே ஒரு வரியை எழுதி இடைமுகத்தில் பொருத்தினார். அடுத்த நொடி அந்த ரவுட்டரோடு அவர் பாதுகாப்பாக இணைந்திருந்த சொந்த எஸ்எஸ்எச் அமர்வே உறைந்துபோனது. ஒவ்வோர் அணுகல் பட்டியலின் முடிவிலும், எழுதப்படாத ஒரு வரி, மற்ற அனைத்தையும் மறுக்கும் வரி, இருந்துகொண்டே இருக்கிறது. மறுக்கும் வரிக்குக் கீழே மற்றவற்றை அனுமதிக்கும் வரியை அவர் எழுதவில்லை. அந்த அனுமதிக்கும் வரியை மறுக்கும் வரிக்கு மேலே எழுதியிருந்தால், பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால், டெல்நெட்டும் சேர்ந்தே உள்ளே வந்திருக்கும். வரிசைமுறை, உள்ளார்ந்த மறுப்பு ஆகிய இந்த இரண்டு கருத்துகளும் பெரும்பாலான ஃபயர்வால்களில் அப்படியே தொடர்கின்றன. படித்துத் தெரிந்துகொள்வதற்கும், உறைந்த திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் இடையிலான தூரம் பெரிது.

கண்காணிப்பு மைய வேலையையோ தணிக்கை வேலையையோ நாடுபவருக்கும், கணினித் துறைக்கே புதியவருக்கும் நெட்வொர்க் பிளஸ் போதுமானது. சிலர் அதன் பாடத்திட்டத்தை முழுமையாகப் படித்துவிட்டு, தேர்வுக் கட்டணத்தை மிச்சப்படுத்தி, நேராகச் செக்யூரிட்டி பிளஸ் எழுதுகிறார்கள். படிப்பில் குறை வைக்காத வரை அதில் தவறில்லை.

செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு பெயர்? அது எதைச் சோதிக்கிறது?

அதன் பெயருக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் தகவல் பாதுகாப்புப் பணியாளர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியபோது, 8570 என்ற எண்ணுள்ள கையேடும் அதற்குப் பின் வந்த 8140 கையேடும் ஏற்கத்தக்க சான்றிதழ்களுள் செக்யூரிட்டி பிளஸ்ஸையும் சேர்த்தன. அந்தத் துறையோடு தொழில் செய்யும் நிறுவனங்களும் அதையே கேட்கத் தொடங்கின. அங்கிருந்து பரவிய பழக்கம், இன்று தொடக்க நிலை விளம்பரங்களில் அது இடம்பெறுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எஸ்ஒய்0-701 என்ற பதிப்பு 2023 நவம்பரில் வெளியானது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 வினாக்கள், 900க்கு 750 தேர்ச்சி மதிப்பெண். அதன் ஐந்து பகுதிகளில் பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு 28 சதவீதமும், அச்சுறுத்தல்கள், பலவீனங்கள், தணிப்பு வழிகளுக்கு 22 சதவீதமும், பாதுகாப்புத் திட்ட மேலாண்மைக்கு 20 சதவீதமும், பாதுகாப்புக் கட்டமைப்புக்கு 18 சதவீதமும், பொதுக் கருத்துகளுக்கு 12 சதவீதமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தெரிவு வினாக்களோடு செய்முறை வினாக்களும் உண்டு. ஒரு வரைபடத்தில் ஃபயர்வால் விதிகளை நிரப்புவதும், பதிவேட்டு (லாக்) வரிகளைப் படித்து எந்தக் கணினி பாதிக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதும் இத்தகைய வினாக்கள். இவை பெரும்பாலும் தேர்வின் தொடக்கத்திலேயே வந்து நேரத்தை விழுங்கும் என்பதால், அவற்றைக் குறித்து வைத்துவிட்டு மற்றவற்றை முடித்தபின் திரும்பி வருவது நல்லது. சிசிஎன்ஏவில் இந்த வழி செல்லாது. அங்கே ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது.

இந்தச் சான்றிதழின் குறையையும் சொல்ல வேண்டும். அது அகலமானது, ஆழமானது அல்ல. அதில் தேர்ச்சி பெற்றவருக்குப் பாதுகாப்புத் துறையின் மொழி தெரியும். ஒரு கருவியைக் கையாளத் தெரியும் என்பதற்கு அது உறுதி தராது. ஆகையால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு வருபவர், நான் பார்த்தவரை, மூன்றாவது கேள்விக்குள் தடுமாறத் தொடங்குகிறார்.

ஐஎஸ்சி2 அமைப்பின் சிசி சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது என்கிறார்களே, அது போதாதா?

சிஐஎஸ்எஸ்பி என்ற மூத்த நிலைச் சான்றிதழை நடத்தும் ஐஎஸ்சி2, முன்னனுபவம் எதுவும் தேவைப்படாத சிசி சான்றிதழை 2022இல் கொண்டுவந்தது. பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியையும் தேர்வையும் இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது. பாதுகாப்புக் கோட்பாடுகள், தொடர் இயக்கமும் பேரிடர் மீட்பும், அணுகல் கட்டுப்பாடு, நெட்வொர்க் பாதுகாப்பு, பாதுகாப்புச் செயல்பாடுகள் என்று ஐந்து பகுதிகள். அவற்றில் நெட்வொர்க் பாதுகாப்புக்கு 24 சதவீதம். துறை தனக்குப் பொருந்துமா என்று பார்க்க விரும்புகிறவருக்கு இது நல்ல முதல் படி. ஆனால் தேர்வு இலவசம் என்பதால் சான்றிதழும் முழுவதும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம்: ஆண்டுதோறும் 50 டாலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு, மூன்றாண்டுகளில் 45 தொடர்கல்விப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும்.

போதுமா என்றால், தனியாகப் போதாது. செக்யூரிட்டி பிளஸ்ஸை விட எளிது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். சிசிஎன்ஏ வைத்திருப்பவர் அதோடு சிசியையும் சேர்த்தால், நெட்வொர்க் தெரிந்தவர் பாதுகாப்பின் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதைக் குறைந்த செலவில் காட்ட முடியும். அந்தச் சேர்க்கையை நான் மதிக்கிறேன்.

கண்காணிப்பு மையத்தில் சேர விரும்புகிறேன். எனக்கென்று தனிச் சான்றிதழ் உண்டா?

உண்டு. சிஸ்கோ 2020இல் சைபர்ஆப்ஸ் அசோசியேட் என்ற பெயரில் கொண்டுவந்த 200-201 தேர்வு, எச்சரிக்கைகளைப் பகுத்தாய்வது, பாக்கெட்டுகளைப் படிப்பது, ஊடுருவல் நிகழ்வுகளைக் கையாள்வது ஆகியவற்றைச் சோதிக்கிறது. செக்யூரிட்டி புளூ டீம் என்ற அமைப்பின் பிடிஎல்1 முழுக்கச் செய்முறையானது. 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊடுருவல் நிகழ்வைப் புலனாய்ந்து விடை தர வேண்டும். அறிவை வளர்ப்பதில் பிடிஎல்1 எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் விண்ணப்பங்களை வடிகட்டுபவருக்குச் செக்யூரிட்டி பிளஸ் அளவுக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. வடிகட்டலுக்கு ஒன்று, திறமைக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது சரியாக இருக்கும்.

சிஇஎச் தேர்விலேயே தொடங்கினால் என்ன?

எத்திக்கல் ஹேக்கிங் என்ற பெயருக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. பயிற்சி மையங்களும் அதையே முன்னால் நிறுத்துகின்றன. ஈசி-கவுன்சில் நடத்தும் சிஇஎச் எழுத்துத் தேர்வில் 4 மணி நேரத்தில் 125 தெரிவு வினாக்கள். ஆறு மணி நேரச் செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. எழுத்துத் தேர்வை மட்டும் எழுதியவர் ஒரு கருவியையும் இயக்காமலே சான்றிதழ் பெற முடியும். அதிகாரப்பூர்வப் பயிற்சியில் சேராதவர்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்க இரண்டாண்டுத் துறை அனுபவம் காட்ட வேண்டும் என்பதிலிருந்தே, இது முதல் படிக்கு உரியதாக வகுக்கப்படவில்லை என்பது தெரிகிறது. அந்த அனுபவம் இல்லாத புதியவர் பயிற்சிக் கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்த நேர்கிறது. மொத்தச் செலவு செக்யூரிட்டி பிளஸ்ஸைப் போலப் பல மடங்காகிவிடுகிறது.

உங்கள் பகுதி நிறுவனங்கள் பெயர் சொல்லி இதைக் கேட்கின்றன என்றால் எழுதுங்கள். அந்த விளம்பரக் கணக்கெடுப்பு இங்கேயும் உதவும். ஊடுருவல் சோதனையில் உண்மையான ஆர்வம் இருப்பவர், ஐஎன்இ நிறுவனத்தின் இஜேபிடி தேர்வை முதலில் பார்க்கலாம். 48 மணி நேரத்தில் ஒரு நெட்வொர்க்கைச் சோதித்து, கண்டறிந்தவற்றை வைத்தே விடையளிக்கும் முறை அது. ஊடுருவல் சோதனைக்கான இன்னொரு தேர்வான ஓஎஸ்சிபி அதற்கு வெகுதூரம் அப்பால் இருக்கிறது: 23 மணி 45 நிமிடச் செய்முறை, அதன்பின் அறிக்கை எழுத 24 மணி நேரம். தொடக்கத்திலேயே அதில் இறங்கி மனம் உடைந்து துறையையே விட்டு விலகியவர்களை அறிவேன். அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சிஐஎஸ்எஸ்பி இப்போதே எழுதிவிடலாமா?

வேண்டாம். அதன் எட்டுத் துறைப் பகுதிகளில் குறைந்தது இரண்டில், ஐந்தாண்டு ஊதியப் பணி அனுபவம் வேண்டும். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெறுபவர் ஐஎஸ்சி2 அசோசியேட் என்ற தகுதியோடு, அனுபவத்தைச் சேர்க்க ஆறாண்டு அவகாசம் பெறுகிறார் என்பது உண்மைதான். ஆனால் தொடக்க நிலை வேலைக்கு அந்தத் தகுதி பெரிதாக உதவுவதில்லை.

ஃபோர்ட்டிநெட், பாலோ ஆல்டோ போன்ற ஃபயர்வால் நிறுவனங்களின் சான்றிதழ்கள் எப்போது?

அந்தக் கருவியின் முன் உட்காரும் வாய்ப்பு கண்ணுக்குத் தெரியும்போது. ஃபோர்ட்டிநெட், தன் ஃபயர்வால்கள் குறித்த சுயகற்றல் பாடங்களை 2020 முதல் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. தேர்வு எழுதாவிட்டாலும் அவற்றைப் படிப்பது, ஒரு நவீன ஃபயர்வாலில் விதிகள், முகவரி மாற்றம், பயன்பாட்டுக் கட்டுப்பாடு ஆகியவை எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்று புரிந்துகொள்ள நல்ல வழி. இத்தகைய நிறுவனங்கள் தங்கள் சான்றிதழ்களின் பெயர்களையும் நிலைகளையும் அடிக்கடி மாற்றுகின்றன என்பதால், பணம் கட்டும் முன் நிறுவனத்தின் தளத்திலேயே அன்றைய பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் கூகுள் தரும் சைபர்செக்யூரிட்டி சான்றிதழும் இவையும் ஒன்றா?

இல்லை. 2023இல் வந்த அந்தப் பாடத்தொகுப்பு, பாடங்களை முடித்ததற்கான சான்று. மேற்பார்வையோடு நடக்கும் தனித் தேர்வில் தேறி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தொழில்முறைச் சான்றிதழ் வேறு வகை. தமிழில் இரண்டையும் சான்றிதழ் என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் வருகிறது. பாடம் நன்றாகவே அமைந்திருக்கிறது. லினக்ஸ், எஸ்கியூஎல், பைத்தான் ஆகியவற்றின் முதல் அறிமுகம் அதிலேயே கிடைக்கிறது. செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கு முந்தைய படிப்பாக அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மாற்றாகக் கருதாதீர்கள்.

தேர்வில் வந்த வினாக்கள் அப்படியே விற்கப்படுகின்றன. அவற்றைப் படித்துத் தேறினால் என்ன தவறு?

'டம்ப்' என்று சொல்லப்படும் அந்தத் தொகுப்புகளைப் பயன்படுத்துவது, தேர்வு எழுதும் முன் நீங்கள் ஏற்கும் ஒப்பந்தத்தை மீறுவதாகும். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். மீண்டும் எழுதத் தடையும் வரலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. இந்தத் துறையில் நம்மிடம் ஒப்படைக்கப்படுவது மற்றவர்களின் நெட்வொர்க், அவர்களுடைய கடவுச்சொற்கள், அவர்களுடைய தரவு. அதற்குள் நுழையும் முதல் அடியையே திருட்டு வினாத்தாளோடு எடுத்து வைப்பவரை எப்படி நம்புவது? நேர்காணலில் இது வெளிப்படவும் செய்கிறது. 'இந்த விடை ஏன் சரி?' என்பதை விட்டுவிட்டு, 'மற்ற மூன்றும் ஏன் தவறு?' என்று கேட்டால், டம்ப் படித்தவரிடம் பதில் இருக்காது.

மாதிரி வினாத்தாள்கள் இதிலிருந்து வேறுபட்டவை; ஆசிரியர்கள் தாங்களே எழுதிய பயிற்சி வினாக்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வினாவுக்கும், தவறான விடைகள் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதிப் பார்த்தால், அதுவே பாதிப் படிப்பு.

வீட்டில் ரவுட்டரோ ஃபயர்வாலோ வாங்காமல் பயிற்சி செய்ய முடியுமா?

முடியும். ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் கணினியிலேயே பாவனை செய்யும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர், அதன் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கிறது. சிசிஎன்ஏ அளவுக்கு அது போதும். பாதுகாப்புப் பயிற்சிக்கு, 16 ஜிபி நினைவகமுள்ள ஒரு கணினியில் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, மூன்று மெய்நிகர் கணினிகளை உருவாக்குங்கள். நடுவில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால், ஒரு பக்கம் சோதனைக் கருவிகள் நிறைந்த காலி லினக்ஸ், மறுபக்கம் வேண்டுமென்றே பலவீனங்களோடு உருவாக்கப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிள். இந்த இரண்டு பக்கங்களையும் உள்ளக நெட்வொர்க்குகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாஸ்பிளாய்டபிள் எந்தக் காரணத்தாலும் இணையத்தை நோக்கித் திறந்திருக்கக் கூடாது.

பிறகு காலி லினக்ஸிலிருந்து, போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியால் மறுபக்கத்தைத் துழாவுங்கள். எல்லாம் அனுமதிக்கப்பட்ட நிலையில் எந்தெந்தப் போர்ட்டுகள் திறந்தவையாகத் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பிஎஃப்சென்ஸில் 22, 80 ஆகிய போர்ட்டுகளை மட்டும் அனுமதித்துவிட்டு மீண்டும் துழாவுங்கள். முன்பு 'திறந்தது' என்றிருந்த மற்றவை இப்போது 'வடிகட்டப்பட்டது' என்று மாறியிருக்கும். தடுக்கும் விதியை, பாக்கெட்டை ஓசையின்றிக் கைவிடுவதிலிருந்து வெளிப்படையாக மறுப்பதாக மாற்றி மூன்றாவது முறை துழாவும்போது வயர்ஷார்க்கும் ஓடிக்கொண்டிருக்கட்டும். மேலே நான் சொன்ன ஓசையற்ற கைவிடலும் ஆர்எஸ்டி பதிலும் உங்கள் கண்முன்னே நடக்கும். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். நேர்காணலில் என் முன் அப்படி ஒரு குறிப்பேட்டை ஓர் இளம்பெண் வைத்தார். அவருடைய சான்றிதழைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, அவர் எழுதியிருந்த மூன்றாவது சோதனையைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசினோம்.

உங்களுக்குச் சொந்தமில்லாத எந்த நெட்வொர்க்கையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் துழாவாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

சான்றிதழ்கள் எவ்வளவு காலம் செல்லும்? எந்த வரிசையில் எழுதினால் லாபம்?

சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் மூன்றும் மூன்றாண்டு செல்லும். புதுப்பிக்க, தொடர்கல்விப் புள்ளிகளாக சிசிஎன்ஏவுக்கும் நெட்வொர்க் பிளஸ்ஸுக்கும் 30, செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கு 50 சேர்க்கலாம். அல்லது உயர்நிலைத் தேர்வு ஒன்றில் தேறலாம். காம்டியாவில் மேல்நிலைச் சான்றிதழ் பெற்றால் கீழுள்ளது தானே புதுப்பிக்கப்படும் என்பதால், முதலில் நெட்வொர்க் பிளஸ், பிறகு செக்யூரிட்டி பிளஸ் என்ற வரிசை பொருளாதார ரீதியாகவும் சரியானது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்சி-900 போன்ற அடிப்படை நிலைச் சான்றிதழ்களுக்குக் காலாவதி இல்லை. ஆனால், அவற்றின் எடையும் அதற்கேற்றதே.

எத்தனை சான்றிதழ்கள் சேர்த்தபின் விண்ணப்பிக்கத் தொடங்கலாம்?

நெட்வொர்க்கில் ஒன்று, பாதுகாப்பில் ஒன்று. அத்துடன் நிறுத்திவிட்டு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். வேலை அனுபவம் இல்லாத ஒருவரின் விண்ணப்பத்தில் ஆறு ஏழு சான்றிதழ்களைப் பார்க்கும்போது, இவர் வேலையைத் தேடுவதைத் தள்ளிப்போடுவதற்காகவே படித்துக்கொண்டிருக்கிறாரோ என்ற ஐயம் எனக்கு எழும். கணினித் துறைக்குப் புதியவர், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், சிசிஎன்ஏவுக்கு ஐந்தாறு மாதமும், அதன்பின் செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகும் என்பது என் கணிப்பு. முதல் சான்றிதழ் கைக்கு வந்தவுடனேயே உதவி மையம், நெட்வொர்க் கண்காணிப்பு போன்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவதை வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம்.

தேர்வில் தவறிவிட்டேன். அடுத்து என்ன?

சிஸ்கோவில் ஐந்து நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம். காம்டியாவில் இரண்டாவது முயற்சிக்குக் காத்திருப்பு இல்லை. மூன்றாவதற்கு 14 நாள் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் கட்டணம் உண்டு என்பதால், விதி அனுமதிக்கிறது என்பதற்காக மறுநாளே பதிவு செய்துவிட வேண்டாம். முடிவோடு தரப்படும் மதிப்பெண் அறிக்கை, எந்தப் பகுதிகளில் சறுக்கினீர்கள் என்று காட்டும். அதைத் தூக்கி எறியாமல், தேர்வு நினைவில் பசுமையாக இருக்கும் அன்று மாலையே உட்கார்ந்து, உங்களைத் தடுமாற வைத்த தலைப்புகளை அறிக்கையின் ஓரத்தில் எழுதுங்கள். வினாக்களை எழுத வேண்டாம், அது ஒப்பந்த மீறல். ரவுட்டிங், சாவி மேலாண்மை, பதிவேட்டு வாசிப்பு என்று தலைப்புகளை மட்டும். அந்தத் தலைப்புகள் ஒவ்வொன்றுக்கும் லேபில் ஒரு சோதனையைச் செய்து முடித்த பிறகு அடுத்த தேதியைக் குறியுங்கள்.